எட்டுக்கால் விருந்தாளியும் ஈரப்பதமும்

ரயில்வே மனிதன் என்பதால் சென்ற ஆண்டுகளில் இந்தப் பக்கங்களில் பாலம், தண்டவாளம், சிக்னல் என்று எழுதி வந்தேன். இந்த முறை சிலந்தியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் பத்திரிகைக் குழு நண்பர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படித்து முடித்தால், இதுவும் ஒரு விதத்தில் ரயில்வே விஷயம்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள்.

விருந்தாளி வந்த கதை

ஈஜிபுராவில் எங்கள் வீடு மூன்று மாடி. நடு மாடியில் நாங்கள். மேல் மாடியில் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவன் வாடகைக்கு இருந்தான். கம்ப்யூட்டர் வேலை. 2024 மார்ச்சில் அவனை ஒரு வருடத்திற்கு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அங்கிள், இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்" என்றான். அவன் தம்பி என்றது பதின்மூன்று வயதான என் மகள் வயிற்றுப் பேரனை.

பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. கறுப்பு உடம்பு, கால் மூட்டுகளில் மட்டும் ஆரஞ்சு நிறம். மெக்சிகோ நாட்டு 'ரெட் நீ' டாரன்டுலா என்றான். செம்முட்டிச் சிலந்தி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெண். காட்டில் பிடித்ததல்ல, வளர்ப்பில் பிறந்தது என்பதற்கும், அரசிடம் பதிவு செய்ததற்கும் உரிய தாள்களை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தான். என் மனைவி பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டு, "அது இருக்கிற அறைக்குள் நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பேரனுக்கோ லாட்டரி விழுந்த மாதிரி.

அடுத்தவர் பொருளைப் பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் இது உயிருள்ள பொருள். பெண் செம்முட்டி இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. நம் கையில் ஒரு வருடத்துக்குள் செத்தால் அந்தத் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது? எனக்கு அந்தக் கவலை.

ஏப்ரலில் வந்த ஆபத்து

2024 கோடையைப் பெங்களூர்வாசிகள் மறக்க மாட்டார்கள். ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றித் தண்ணீர் லாரிக்குத் தவம் கிடந்தோம். அந்த ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் மாலை பேரன் ஓடி வந்தான். "தாத்தா, அது காலை மடக்கிக்கொண்டே போகிறது."

போய்ப் பார்த்தேன். பின்பக்கத்து வயிறு பழைய நெல்லிக்காய் மாதிரி சுருங்கியிருந்தது. எட்டுக் கால்களும் உடம்புக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தன. பென்சில் முனையால் பக்கத்தில் தட்டினால் ஒரு கால் மட்டும் மெல்ல அசைந்தது.

இதற்குக் காரணம் புரிய வேண்டுமானால் சிலந்தியின் கால் எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும். நமக்குக் கையை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. சிலந்திக்குக் காலின் முக்கியமான மூட்டுகளில் மடக்குகிற தசை மட்டும்தான் உண்டு. நீட்டுவதற்கு உடம்பிலுள்ள திரவத்தை அழுத்தி காலுக்குள் தள்ளுகிறது. லாரிக்கு டயர் மாற்றும் ஹைட்ராலிக் ஜாக்கி வேலை செய்கிற அதே முறை. ஜாக்கியில் எண்ணெய் குறைந்தால் வண்டி உயராது. சிலந்தியின் உடம்பில் நீர் குறைந்தால் கால் நீளாது. மடக்கும் தசை மட்டும் இழுக்க, கால்கள் அடியில் சுருண்டுவிடும். அதாவது எங்கள் விருந்தாளிக்கு நோயில்லை, தாகம்.

இதற்கு முதலுதவி எளிது. ஒரு சோடா மூடி உயரமுள்ள அகலத் தட்டில் தண்ணீர் விட்டு, சிலந்தியின் முன்பாதியை மட்டும் மெதுவாக அதன் விளிம்பில் வைத்தோம். வாய் தண்ணீரைத் தொட வேண்டும், வயிறு வெளியே இருக்க வேண்டும். ஏனென்றால் சிலந்தி மூச்சு விடுவது வயிற்றின் அடிப்பக்கம் உள்ள நான்கு பிளவுகள் வழியாக. அவற்றுக்கு உள்ளே புத்தகத் தாள்களை அடுக்கியது போன்ற நுரையீரல்கள் உண்டு. அங்கே தண்ணீர் புகுந்தால் மூச்சு முட்டும். இரவு பத்து மணிக்கு ஒரு கால் நீண்டது. விடியற்காலை நான்கு மணிக்குப் பார்த்தபோது தட்டை விட்டு நகர்ந்து மூலையில் உட்கார்ந்திருந்தது. பேரன் அந்த இரவு முழுவதும் தூங்கவில்லை. அந்த அறைக்கே வரமாட்டேன் என்ற என் மனைவியும் வாசற்படியில் நின்று இரண்டு தடவை விசாரித்துவிட்டுப் போனாள்.

முள் சொன்ன பொய்

பேரனைக் கேட்டேன், "தண்ணீர் வைக்கவில்லையா?" அவன் பெட்டிக்குள் ஒட்டியிருந்த வட்ட மீட்டரைக் காட்டினான். "ஈரப்பதம் 80 காட்டுகிறதே தாத்தா. எழுபதுக்குக் குறைந்தால்தான் தெளிக்க வேண்டும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். கிண்ணம் வைத்தால் முழுகிவிடும் என்றும் சொன்னார்களாம்."

வெளியே நாக்கு வறண்டு போகிற ஏப்ரலில் ஈரப்பதம் 80 என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய பாடப்புத்தக முறைப்படி சோதித்தேன். சாதாரணச் சுவர் தெர்மாமீட்டர் இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நனைத்தேன். இரண்டையும் மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் வைத்தேன். உலர்ந்தது 34 டிகிரி, நனைந்தது 21 டிகிரி. துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது குளிர்கிறது. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும், அவ்வளவு அதிகமாகக் குளிரும். 13 டிகிரி வித்தியாசத்துக்கு ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதம். முள் காட்டியது 80!

மீட்டரையே சோதிக்க இன்னொரு வழி உண்டு. எந்தச் சமையலறையிலும் செய்யலாம். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் இறுக்கமான டப்பாவில் வைத்து ஒரு நாள் மூடி வையுங்கள். அந்த டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். இது இயற்கை விதி. கடைக்காரர் விதி அல்ல. எங்கள் வட்ட மீட்டர் உப்பு டப்பாவில் 81 காட்டியது. மொட்டை மாடி வெயிலில் 79 காட்டியது. முள் அச்சில் சிக்கியிருந்தது. பிறகு வாங்கிய டிஜிட்டல் மீட்டர் உப்பு டப்பாவில் 71 காட்டியது. பரவாயில்லை, நாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிட்டோம்.

இருப்புப் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கோடையில் தண்டவாளம் நீளும். அதனால் அதன் வெப்பத்தைக் கவனித்துக்கொண்டே இருப்போம். ஆனால் வானொலியில் சொல்லும் வெப்பநிலையை எடுத்துக்கொள்ள மாட்டோம். காற்று 40 டிகிரி என்றால் வெயிலில் கிடக்கும் இரும்பு 60-ஐத் தொடும். அதனால் தெர்மாமீட்டரைத் தண்டவாளத்தின் மேலேயே வைத்துப் பார்ப்போம். சிலந்திப் பெட்டிக்கும் அதே நியாயம்தான். கூடத்தில் என்ன வெப்பம் என்பது முக்கியமில்லை. சிலந்தி உட்காரும் இடத்தில் என்ன என்பதுதான் கணக்கு. நாங்கள் பெட்டியை வைத்திருந்தது மேற்குச் சுவர் ஓரம். மாலை நாலு மணிக்குக் கையை வைத்தால் அந்தச் சுவர் தோசைக்கல் மாதிரி இருக்கும்.

சதவீதம் என்பது எதன் சதவீதம்?

பலருக்கும் குழப்பம் தரும் இடம் இது. ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் காற்றில் நாற்பது பங்கு தண்ணீர் என்று அர்த்தமில்லை. அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு இருக்கிறது என்று அர்த்தம். தாங்கும் அளவு வெப்பத்தோடு ஏறும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 17 கிராம் நீராவி தாங்கும். 34 டிகிரியில் சுமார் 37 கிராம் தாங்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். காலையில் 20 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். ஒரு கன மீட்டரில் சுமார் பதினாலரை கிராம் நீராவி இருக்கிறது. மதியம் அதே காற்று 34 டிகிரிக்குச் சூடாகிறது. ஒரு சொட்டும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் 37-க்குப் பதினாலரை என்றால் 39 சதவீதம்தான். காலையில் நன்றாக இருந்த பெட்டி மதியம் காய்ந்து போவதன் ரகசியம் இதுதான். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது. பெட்டியைக் குளிர்ச்சியான மூலைக்கு நகர்த்தினாலே ஈரப்பதம் தானாக ஏறும்.

இன்னொன்று. பத்துக்குப் பத்து அறை முழுவதிலும் உள்ள நீராவியைத் திரட்டினால் அந்தக் காலைக் காற்றில் அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் தேறும். தினமும் இரண்டு முறை ஸ்ப்ரே அடித்தால் அது அரை மணி நேரத்தில் ஜன்னல் வழியாகப் போய்விடும். காற்றில் தெளிப்பது வீண். மண்ணில் வைத்தால் நிற்கும். இந்த உண்மையை எனக்குப் புரியவைத்தது நான் வேலை பார்த்த ஒரு காடு.

குத்தியில் கிடைத்த நீலச் சிலந்தி

சிலந்தியைப் பற்றிப் பேரன் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் காதில் விழுந்தது: குத்தி. ரயில்வேக்காரர் வாயில் கூட்டி. ஆந்திராவில் குண்டக்கல்லுக்குப் பக்கத்து ஜங்ஷன். அந்த டிவிஷனில் நான் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

1899-இல் ரெஜினால்ட் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், நீல நிறத்தில் மின்னும் ஒரு பெரிய இந்தியச் சிலந்தியைப் பற்றி எழுதி, பொயசிலோதேரியா மெட்டாலிக்கா என்று பெயரிட்டார். அது அகப்பட்ட இடம் குத்தியில் ரயில்வே மரக் கிடங்கு! அதனால் இன்றைக்கும் உலகம் முழுவதும் அதற்குக் கூட்டி டாரன்டுலா என்றுதான் பெயர். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் யாரும் அதைக் காட்டில் காணவில்லை. 2001-இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. குத்தியில் அல்ல, அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவிலுள்ள நல்லமலைக் காட்டில். மரத்தோடு சேர்ந்து ரயிலேறிக் குத்தி வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் முடிவு. சீட்டில் எழுதியிருந்த ஊர், அது இறங்கிய ஊர். அதன் சொந்த ஊர் அல்ல. வேலை தேடி வந்து குடியேறிய நம்மைப் பெங்களூர்க்காரர் என்று எழுதிக்கொள்கிற மாதிரிதான்.

அந்தக் காடு எனக்குத் தெரியும். 1990-களில் குண்டக்கல் - குண்டூர் மீட்டர்கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றும்போது கஜுலபள்ளி, செலமா, திகுவமெட்டா என்று அந்த மலைப் பகுதியில் டிராலியில் போயிருக்கிறேன். நீலச் சிலந்தியை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காட்டின் குணம் மறக்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மரத்தில் இலை இருக்காது. காலடியில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும். குடிநீர்க் கேன் இல்லாமல் கேங் வேலைக்குப் போக முடியாது. ஜூனில் மழை இறங்கினால் பதினைந்தே நாளில் எல்லாம் பச்சை.

இந்த வெயிலில் தோலெல்லாம் மென்மையான ஒரு சிலந்தி எப்படி உயிரோடு இருக்கிறது? அது வெயிலில் இருப்பதில்லை. பெரிய மரங்களின் பொந்துக்குள் இருக்கிறது. தடிமனான மரம் வெயிலைத் தடுக்கிறது. பொந்துக்குள் மக்கிய தூள் மழை நீரைப் பிடித்து வைக்கிறது. வெளியே காய்ந்தாலும் உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி, கொஞ்சம் ஈரம். அதிகம் வேண்டுமானால் உள்ளே போகும். குறைவாக வேண்டுமானால் வாசலுக்கு வரும்.

எங்கள் செம்முட்டியின் சொந்த ஊரும் ஏறக்குறைய இப்படித்தான். மெக்சிகோவின் பசிபிக் கடற்கரைப் பக்கத்து இலையுதிர் முட்காடு. அங்கும் வருடத்தில் சில மாதம் மழை, மற்ற மாதம் வறட்சி. இது மரமேறி அல்ல. வேர், பாறைகளின் அடியில் வளை தோண்டி இருக்கும். ஆக, 'டாரன்டுலா என்றால் மழைக்காடு, எப்போதும் 80 சதவீதம்' என்று கடையில் சொன்னது அடிப்படையிலேயே தவறு. இந்த உயிருக்கு வேண்டியது ஒரே எண் அல்ல. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் உலர்வு. நடுவில் நடந்து போகிற வசதி. எங்கே உட்கார வேண்டும் என்று அதுவே தீர்மானித்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் நான் செய்த தவறு

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். ஏப்ரல் பயம் மனதில் இருந்ததால் மே, ஜூன் முழுவதும் பெட்டி மண்ணை நன்றாக நனைத்து வைத்தேன். காற்றுத் துளைகள் பாதியை டேப் போட்டு ஒட்டினேன். ஜூலையில் பெங்களூர்த் தூறல் தொடங்கியது. நமக்கே உள்ளாடை காயாத மாதம். ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் பிடித்த வாடை. மண்ணில் வெள்ளைப் படலம். தின்று மிச்சம் விட்ட பூச்சியின் மேல் மிகச் சிறிய உண்ணிகள் ஊர்ந்தன. சிலந்தி மண்ணில் இறங்காமல் கண்ணாடிச் சுவரில் தொற்றிக்கொண்டு நின்றது.

வளையில் வாழும் சிலந்தி சுவரில் ஏறி நிற்பது நல்லதல்ல. தரை பிடிக்கவில்லை என்று அது சொல்கிறது. கனமான உடம்பு, ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து உயிர் போகலாம். அன்றே மண்ணை முழுதும் மாற்றினோம், டேப்பைப் பிய்த்தோம். காய்ந்து சாகவிருந்த உயிரை ஊறவைத்துச் சாகடிக்கப் பார்த்தேன். உலர்ந்த பெட்டியில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருந்தால் சிலந்தி சமாளிக்கும். காற்றோட்டமில்லாத ஈரப் பெட்டியில் அதற்குத் தப்ப வழியில்லை.

இப்போதைய ஏற்பாடு

பல மாத அனுபவத்தில் நாங்கள் வந்து சேர்ந்த முறையைச் சொல்கிறேன். இது வளையில் வாழும், உலர்காட்டுச் சிலந்திக்கு உரியது.

1. மண்: தேங்காய் நார்த்தூள் நாலு, ஐந்து அங்குலம். கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. மண்ணுக்கும் மூடிக்கும் நடுவில் சிலந்தியின் கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் உயரம் வேண்டாம்.

2. ஈரம்: ஒரு மூலையில் மட்டும் வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை ஊற்றி அடிவரை இறங்க விடுகிறோம். மேல்மண் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். எதிர் மூலை எப்போதும் உலர்ந்தே இருக்கும். மழைக்காலத்தில் ஊற்றுவது மாதம் ஒன்றிரண்டு முறைதான்.

3. தண்ணீர்: ஆழமில்லாத கிண்ணம் எப்போதும் இருக்க வேண்டும். முழுகாது. பஞ்சு, ஸ்பாஞ்ச் போட வேண்டாம், அழுகும்.

4. காற்று: ஒரு பக்கச் சுவரில் கீழே சில துளை, எதிர்ப்பக்கம் மேலே சில துளை. கீழே குளிர்காற்று நுழைந்து மேலே வெளியேறும். புகைபோக்கித் தத்துவம்.

5. வெப்பம்: நமக்கு ஸ்வெட்டரும் வேண்டாம், விசிறியும் வேண்டாம் என்கிற அளவு. 20 முதல் 28 டிகிரி வரை கவலையே இல்லை. பெங்களூரில் டிசம்பர் விடியலில் வெளியே 15-க்கு இறங்கினாலும் வீட்டுக்குள் அவ்வளவு இறங்காது. ஹீட்டர் தேவையில்லை. குறிப்பாகப் பெட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு ஆபத்து. இயற்கையில் சூடு மேலே, குளிர்ச்சி கீழே. சூடு தாங்காத சிலந்தி கீழே தோண்டும். கீழேதான் அடுப்பு என்றால் என்ன செய்யும்?

6. கோடை: 2016 ஏப்ரலில் பெங்களூரில் 39.2 டிகிரி வரை ஏறியது. மறுபடி வராது என்று சொல்ல முடியாது. பெட்டியை வடக்குப் பக்கம், தரையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்தால் போதும். அந்தக் காலத்து அலுவலகங்களில் வெட்டிவேர்த் தட்டி நனைத்துக் கட்டுவார்களே, அதே குளிர்ச்சி.

7. மருந்து: கொசுவர்த்தி, கரப்பான் மருந்து, எறும்புப் பவுடர் எதுவும் அந்த அறையில் கூடாது. பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும்.

சட்டை உரித்த இரவு

செப்டம்பரில் விருந்தாளி சாப்பிடுவதை நிறுத்தியது. வயிற்றின் மேல் முடி உதிர்ந்த இடம் கறுத்தது. தோலுக்குள் புதிய தோல் தயாராகிறது என்று அர்த்தம். பேரன் உயிரோடிருந்த தீனிப் பூச்சியை வெளியே எடுத்துவிட்டான். கிண்ணத்தை நிரப்பினான்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு என் மனைவிதான் முதலில் பார்த்தாள். "மல்லாக்க விழுந்து கிடக்கிறது. முடிந்துவிட்டது போலிருக்கிறது. காலையில் எடுத்து ரோஜாத் தொட்டியில் புதைத்துவிடுங்கள்" என்றாள். குரல் கம்மியது. பேரன் கத்தினான்: "பாட்டி, தொடாதே! சாகவில்லை, சட்டை உரிக்கிறது!"

இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்தபடி கால் சுருண்டால் தாகம் அல்லது மரணம். மல்லாந்து படுத்தால் பெரும்பாலும் சட்டை உரிப்பு. அப்போது தொடவோ, தண்ணீர் தெளிக்கவோ கூடாது. உடம்பிலுள்ள நீரின் அழுத்தத்தால்தான் முதுகு ஓடு மூடி மாதிரி திறக்கிறது. கால்கள் கையுறையிலிருந்து விரல் வருவது போல வெளியே வருகின்றன. முந்திய வாரங்களில் தாகத்தோடு இருந்த சிலந்திக்கு இதில் சக்தி போதாமல் கால் சிக்கிக்கொள்ளும், சில சமயம் உயிரே போகும். ஏப்ரல் மாதிரி இன்னொரு வாரம் நடந்திருந்தால் இந்த இரவு வேறு விதமாக முடிந்திருக்கும்.

மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஆமாம், என் மனைவியும்தான். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு எட்டுக் கால்களும் வெளியே வந்தன. பக்கத்தில் பழைய சட்டை, உள்ளே ஆள் இல்லாத இன்னொரு சிலந்தி மாதிரி. புதுத் தோலில் ஆரஞ்சு நிறம் பெயின்ட் அடித்த புது சிக்னல் போலப் பளிச்சென்றிருந்தது. பற்கள் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை பத்துப் பதினைந்து நாள் தீனி போடக் கூடாது. பேரன் காலண்டரில் குறித்து வைத்தான்.

வாங்கலாமா?

படித்துவிட்டு யாராவது ஒன்று வாங்கலாம் என்று நினைத்தால் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, சட்டம். அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் செம்முட்டி 1985-இலேயே சேர்க்கப்பட்டது. நம் நீலச் சிலந்தியின் இனம் முழுவதும் 2019-இல் சேர்ந்தது. 2022-இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி இந்தப் பட்டியலிலுள்ள உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். தாள் இல்லாமல் 'ரகசியமாகத் தருகிறேன்' என்பவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டு, நீலச் சிலந்தி. அது இயற்கையாக வாழ்வதாகத் தெரிந்த இடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. விறகுக்கும் மரத்துக்கும் பொந்து மரங்கள் வெட்டப்படுகின்றன. அழிவின் விளிம்பில் இருப்பதாக 2008-இல் உலகப் பட்டியலில் குறித்தார்கள். அதைக் காட்டிலிருந்து பிடிப்பவர்களுக்கு நாம் காசு கொடுக்கக் கூடாது. மேலும் அதன் கடி கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் தரும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றதல்ல. செம்முட்டி அவ்வளவு கடுமையல்ல. ஆனால் வயிற்று முடியை உதறும், அது கண்ணில் பட்டால் பெரும் அவதி. எதையும் கையில் எடுத்து விளையாடக் கூடாது.

மூன்று, காலம். இருபது வருடப் பொறுப்பு. பேரன் கல்லூரிக்குப் போன பிறகும் அது இருக்கும்.

மேல் மாடித் தம்பி 2025 ஏப்ரலில் திரும்பி வந்தான். பெட்டியைப் பார்த்தான், மண்ணைத் தொட்டான், மீட்டரின் மேல் ஒட்டிய 'நாலு கூட்டு' சீட்டைப் படித்துச் சிரித்தான். "அங்கிள், நான் வைத்திருந்ததைவிட நன்றாக இருக்கிறது" என்றான். பேரன் பழைய சட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். பெட்டி மேலே போன அன்று கூடத்தில் அந்த மூலை வெறிச்சென்றிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி கேட்டாள்: "மேலே அந்தப் பையனுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க ஞாபகம் இருக்குமா? ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்."

போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கிண்ணம் நிரம்பியிருந்தது.